பத்து சேலை, ஒரு ஜன்னல், ஒரு வெள்ளை வேட்டி: ஆன்லைன் கடைக்குப் படம் எடுக்கும் முறை

முதலில் பீரோவிலிருந்து பத்து சேலையை எடுத்து வெளியே வையுங்கள். பத்துக்கு மேல் வேண்டாம். வீட்டிலிருந்தபடியே இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ சேலை விற்க ஆரம்பிக்கிறவர்கள், கையிலிருக்கிற நாற்பது ஐம்பதையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் படம் பிடித்து முடித்துவிடலாம் என்று இறங்குவார்கள். மதியம் தாண்டும்போது வெளிச்சம் மாறிவிடும், பொறுமையும் போய்விடும், கடைசியில் எடுத்த பதினைந்து சேலையும் வேறு ஏதோ கடையின் சரக்கு மாதிரி இருக்கும். கலெக்‌ஷன் என்று ஒன்று வைத்தால் அதிலுள்ள எல்லாப் படமும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே கை எடுத்ததுபோல இருக்க வேண்டும். இந்த வேலையின் பாதி அதில்தான் இருக்கிறது. மீதிப் பாதி நிறம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் சேலையை மனதில் வைத்துத்தான். ஆனால் வேட்டி, துண்டு, சுடிதார் மெட்டீரியல் என்று துணி எதுவானாலும் முக்கால்வாசி பொருந்தும். பெரிய கேமரா தேவையில்லை, ஓரளவு நல்ல போன் போதும்.

எந்தப் பத்து?

விலையை வைத்துப் பிரிக்கலாம், நிறத்தை வைத்துப் பிரிக்கலாம், தீபாவளி, பொங்கல், வளைகாப்பு என்று விசேஷத்தை வைத்தும் பிரிக்கலாம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நெசவை வைத்துப் பிரிப்பதுதான் நல்லது என்பேன். காரைக்குடி கண்டாங்கி மட்டும் பத்து, அல்லது சின்னாளப்பட்டி சுங்குடி மட்டும் பத்து, அல்லது காஞ்சிபுரம் பட்டு மட்டும் பத்து. பருத்தி வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும், பட்டு திருப்பி அடிக்கும், ஜரிகை பளிச்சென்று வெட்டும். மூன்றையும் கலந்து எடுத்தால் ஒவ்வொரு சேலைக்கும் போன் ஸ்டாண்டை நகர்த்தி, சேலையைத் திருப்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, வாங்குகிறவர்களும் ‘கண்டாங்கி இருக்கா’ என்று கேட்டுத்தான் வருகிறார்கள், ‘ஆயிரத்து ஐநூறு ரூபாய் சேலை இருக்கா’ என்று கேட்டு வருகிறவர்கள் அதற்கு அடுத்துதான்.

பத்தையும் மடித்தபடியே தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நின்றுகொண்டு பாருங்கள். ஒன்று மட்டும் மற்ற ஒன்பதையும் அமுக்கிவிட்டுக் கண்ணைக் குத்தினால் அதை எடுத்து உள்ளே வையுங்கள். அது அடுத்த கலெக்‌ஷனுக்கு. எல்லாமே அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று கண்டாங்கிக் கட்டங்களாக இருக்கும் வரிசையில் ஒரு ராணி பிங்க் சேலை வந்தால் அந்த ஒன்றுதான் விற்கும், மற்றவற்றை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

எடுக்க வேண்டிய படங்களை நோட்டில் எழுதிவிடுங்கள்

போனை எடுக்கும் முன் இதைச் செய்தால் நடுவில் யோசிக்க வேண்டியிருக்காது. ஒரு சேலைக்கு ஆறு அல்லது ஏழு படம் போதும். மடித்து வைத்த சேலை ஒன்று. கழியில் தொங்கவிட்டு முந்தி முன்னால் விரிந்திருக்கும் முழுப் படம் ஒன்று. முந்தி மட்டும் நெருக்கமாக. கரையும் உடலும் சேரும் இடம், நூல் எண்ணுகிற அளவுக்குக் கிட்டத்தில். ஜாக்கெட் துணி. பின்பக்கம். கடைசியாக உடுத்திய படமோ அலங்காரம் செய்த படமோ ஒன்று.

ஜாக்கெட் துணிப் படத்தை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் ‘அக்கா, ப்ளவுஸ் பிளெய்னா, டிசைனா’ என்று ஆளுக்கு ஒரு தடவை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தரை மீட்டர் சேலையோடு எண்பது சென்டிமீட்டர் ஜாக்கெட் துணியும் சேர்ந்து வருகிறதென்றால் அதையும் காட்டிவிடுங்கள், தொல்லை விட்டது.

பின்பக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். கைத்தறி விற்கிறவர்களுக்கு அதுதான் சாட்சி. காஞ்சிபுரத்தில் கோர்வை போட்டு நெய்த சேலையில் கரைக்குத் தனி நாடா (ஊடை எனும் குறுக்கு நூலை ஓட்டும் தறிக் கட்டை), உடலுக்குத் தனி நாடா ஓடும், இரண்டு நிறமும் ஒன்றோடொன்று கொக்கி போட்டுச் சேரும். அந்தச் சேர்ப்பு பின்பக்கத்தில் நன்றாகத் தெரியும். உடலும் முந்தியும் வேறு வேறு நிறத்தில் இருந்து, நீளவாக்கில் ஓடும் பாவு நூலையே மாற்றிச் சேர்த்திருந்தால் சேருமிடத்தில் ஒரு மெல்லிய பட்டை இருக்கும். தெரியாதவர்கள் அதைக் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அதைக் கிட்டத்தில் எடுத்து, ‘கைவேலையின் அடையாளம் இது’ என்று கீழே ஒரு வரி போட்டால் அதே பட்டைதான் விலைக்குக் காரணம் சொல்லும். சுங்குடியும் அப்படித்தான். நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த புள்ளி ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, ஓரம் மெல்லக் கசிந்தபடி இருக்கும், அச்சுப் போட்ட புள்ளி எல்லாம் ஒரே அளவில் இருக்கும். இரண்டும் சந்தையில் சுங்குடி என்ற ஒரே பெயரில்தான் போகிறது. உங்களுடையது அச்சு என்றால் அச்சு என்றே எழுதுங்கள், அதற்கும் ஆள் இருக்கிறார்கள்.

பட்டுச் சேலையில் சுத்தப் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் லேபிள் இருந்தால் அதை ஒரு தனிப் படமாக எடுத்துவிடுங்கள். அலங்காரப் படத்தில் அது ஓரமாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஜன்னல்

நேர் வெயில் விழாத, பெரிய ஜன்னல் ஒன்று வேண்டும். வடக்கு பார்த்த ஜன்னல் வருஷத்தின் பெரும்பகுதிக்கு ரொம்ப நல்லது. ஆனால் மே, ஜூன், ஜூலையில் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து போவதால் காலையும் மாலையும் அந்த ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும், அதை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தெற்கு ஜன்னல் என்றால் மார்கழி, தை மாதங்களில் உள்ளே வரைக்கும் வெயில் வரும்.

வெயில் வந்தால் என்ன செய்வது? ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள். வெளிச்சம் பரவி, நிழலின் ஓரம் மென்மையாகிவிடும். காசு கொடுத்து வாங்குகிற டிஃப்யூசர் செய்கிற அதே வேலைதான். ஆனால் வேட்டி நிஜமாகவே வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பேறிய பழைய வேட்டி படம் முழுக்க மஞ்சள் ஏற்றும், சொட்டு நீலம் அதிகம் போட்டுத் துவைத்தது லேசாக நீலம் ஏற்றும். கரை போட்ட வேட்டி என்றால் கரையை மடித்துவிடுங்கள். பச்சைக் கரை வழியாக வரும் வெளிச்சம் பச்சையாகத்தான் வரும்.

சேலை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், நீங்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்க வேண்டாம், உங்கள் நிழலே விழும். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில்தான் நெசவின் மேடு பள்ளம் தெரியும். எதிர்ப்பக்கம் இருட்டாக இருந்தால் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் தெர்மாகோல் ஷீட் ஒன்றை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்துவிடுங்கள், அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஷீட்டைக் கிட்டே கொண்டுவரக் கொண்டுவர நிழல் வெளுக்கும். ஒரேயடியாக வெளுத்துவிட்டால் துணி தட்டையாகத் தெரியும், அதனால் கொஞ்சம் நிழலை விட்டுவையுங்கள்.

அப்புறம், டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், பல்ப் வெளிச்சம் இன்னொரு நிறம். இரண்டும் ஒரே சேலையில் விழுந்தால் ஒரு பக்கம் நீலமாகவும் இன்னொரு பக்கம் மஞ்சளாகவும் போகும், எந்த ஆப்பாலும் அதை ஒழுங்காகப் பிரித்தெடுக்க முடியாது. பகலில் நேரமே இல்லை, இரவில்தான் முடியும் என்கிறவர்கள் ஜன்னலை மூடிவிட்டு, ஒரே மாதிரியான இரண்டு எல்இடி விளக்குகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் குறுக்கே இருட்டுப் பட்டைகள் ஓடினால் விளக்கு சிமிட்டுகிறது என்று பொருள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் போன் கேமராவில் அளவுகளை நாமே வைக்கும் புரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடி என்று வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

பின்னணி

ஒரு கலெக்‌ஷனுக்கு ஒரு பின்னணி. சுண்ணாம்பு அடித்த சுவர், சிவப்பு ஆக்சைடு தரை, பழைய தேக்குப் பலகை, திண்ணை, எதுவாகவும் இருக்கலாம். வீட்டுச் சுவர் பச்சையும் ரோஸுமாக இருந்தால் வெளிர் சாம்பல் அல்லது தந்த நிறக் கெட்டித் துணியை இறுக்கி அடித்துவிடுங்கள். பளபளக்கும் பெயிண்ட் அடித்த சுவரும் வழுவழு டைல்ஸும் சேலையின் நிறத்தையே திருப்பிக் காட்டும், அதைத் தவிருங்கள்.

கண்டாங்கி என்றால் உடனே ஆத்தங்குடி டைல்ஸ் தரைமேல் வைத்து எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. வட்டாரமும் ஒன்று, அழகும் இருக்கிறது, ஆனால் பூப்போட்ட தரைமேல் கட்டம் போட்ட சேலையை விரித்தால் கண் எங்கே நிற்பது? தரை ஓரமாகக் கால்வாசி தெரிகிற மாதிரி ஒரு படம் போதும், அதுவும் மடித்த சேலையோடு. முழுச் சேலைக்கு வெறும் சுவர்தான். பிரிண்ட் போட்ட வினைல் பின்னணி ஷீட்டுகளும் விற்கிறார்கள். பத்துக் கடையில் அதே மார்பிள், அதே மரப்பலகை என்று பார்த்தாகிவிட்டது, எனக்கு அவை பிடிப்பதில்லை.

முந்தின நாள் இரவு வேலை

சேலைகளைப் பிரித்து, ஒரு சுத்தமான கொடியில் போட்டுவிடுங்கள், பாதி மடிப்பு தானாகவே தளரும். மீதிக்கு ஸ்டீமர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணி போட்டு மிதமான சூட்டில் அயர்ன் செய்யுங்கள். ஜரிகையின் மேல் நேராகச் சூடு வைக்காதீர்கள். கஞ்சி போட்ட பருத்திச் சேலைக்கு மட்டும் மடிப்புக் கோடு இருந்தால் தப்பில்லை, புதுசு என்பதற்கு அதுவே அழகு. தொங்கும் நூல், ஒட்டிய முடி, பஞ்சு எல்லாவற்றையும் மறுநாள் காலை ஜன்னலோரம் வைத்துப் பார்த்து எடுங்கள். கிட்டத்தில் எடுத்த படத்தில் ஒரு முடி கயிறு மொத்தத்துக்குத் தெரியும்.

மடிப்பது, தொங்கவிடுவது, அலங்கரிப்பது

மடித்த படத்துக்கு எல்லாச் சேலையையும் ஒரே அளவில், ஒரே திசையில் மடியுங்கள், கரை ஒரே பக்கம் வரட்டும். பழைய அட்டை ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு அதன்மேல் சுற்றி மடித்தால் பத்தும் ஒரே அளவாக வரும்.

தொங்கவிடுவதற்கு ஏழடி உயரத்தில் ஒரு மூங்கில் கழியோ மரக் கம்போ போதும். உடலை உள்ளங்கை அகலக் கொசுவமாக அடித்துக் கழியின் பின்னால் விடுங்கள், முந்தியை முன்னால் ஒரு மீட்டருக்கு மேல் விரித்துவிடுங்கள், கரை இரண்டும் நேராக விழ வேண்டும். முந்தியின் கீழ் ஓரத்தில் பின்பக்கமாக இரண்டு துணிக் கிளிப் மாட்டினால் காற்றில் ஆடாது. குஞ்சத்தைக் கையால் சீவிவிடுங்கள். பட்டில் குண்டூசி குத்தவே வேண்டாம், ஓட்டை மறையாது.

இனி அலங்காரப் படம். இங்கேதான் எல்லோரும் வீட்டிலுள்ள பித்தளைச் சாமான் அத்தனையையும் இறக்குகிறார்கள். குத்துவிளக்கு, சொம்பு, வெற்றிலைத் தட்டு, மல்லிகை, தாமரை, வளையல், ஜிமிக்கி எல்லாம் ஒரே படத்தில். பார்க்கிறவர் சொம்பு என்ன விலை என்று கேட்பார். நான் வைத்துக்கொள்ளச் சொல்வது இரண்டே பொருள், அதிலும் ஒன்று சேலையோடு சம்பந்தப்பட்டதாக இருக்கட்டும்: கைத்தறிக்குத் தறி நாடாவோ ஊடை நூல் சுற்றிய தாரோ, பட்டுக்குச் சாயம் போட்ட நூல் கற்றை ஒன்று. நெசவாளர் வீட்டிலிருந்து நேரடியாக வாங்குகிறவர்கள் என்றால் அங்கேயே கேட்டால் கொடுப்பார்கள். பொருளின் நிறம் சேலையில் ஏற்கெனவே உள்ள நிறமாகவோ, நிறமே இல்லாத மரம், மண், பித்தளை மாதிரியோ இருந்தால் சண்டை வராது. பத்துப் படத்துக்கும் அதே இரண்டு பொருளை இடம் மட்டும் மாற்றி வையுங்கள். ஒவ்வொரு சேலைக்கும் புதுசு புதுசாகத் தேடினால் கலெக்‌ஷன் சிதறிவிடும், உங்கள் நேரமும் போகும்.

குங்குமம், மஞ்சள், எண்ணெய் விட்ட விளக்கு இவற்றை விற்பனைச் சேலையின் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். மல்லிகைப் பூ ஈரத்தோடு பட்டின்மேல் இருந்தால் கறை விழும். பூ வைத்தே ஆக வேண்டுமென்றால் சேலைக்குத் தள்ளி, ஒரு இலைமேல் வைத்து, கேமராக் கோணத்தில் பக்கத்தில் இருப்பதுபோலக் காட்டிக்கொள்ளுங்கள்.

உடுத்திக் காட்டுவது விற்பனைக்கு ரொம்ப உதவும், ஆனால் உடுத்திய சேலையை அப்புறம் புதுசு என்று விற்கிறோமே என்ற கேள்வி இருக்கிறது. அதற்கென்று ஒவ்வொரு ரகத்திலும் ஒரு சேலையை ஒதுக்கிவிடுவது நேர்மை. இல்லையென்றால் பொம்மைமேல், இறுக்காமல், பின் குத்தாமல் உடுத்தி எடுங்கள். வீட்டில் தங்கையோ அண்ணியோ உடுத்தி நின்றால் முகம் வரலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், கடைப்படம் எங்கெங்கோ போகும். ஜாக்கெட் மட்டும் எல்லாச் சேலைக்கும் ஒரே கறுப்போ, ஒரே தந்த நிறமோ போட்டால் தொகுப்பு சேர்ந்து நிற்கும்.

போன்

லென்ஸைத் துடையுங்கள். இதைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் மங்கலாக வரும் படங்களில் பாதிக்கு விரல் பிசுக்குதான் காரணம்.

அகலமாகக் காட்டும் அல்ட்ரா வைட் லென்ஸில் எடுத்தால் நேரான கரை வளைந்து நிற்கும். சாதாரண 1எக்ஸ், இருந்தால் 2எக்ஸ், இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டு, கழியை அதற்கு நேராக நிறுத்துங்கள். போன் ஸ்டாண்டில்தான் இருக்க வேண்டும், கையில் வேண்டாம். ஸ்டாண்டின் மூன்று கால் இருக்குமிடத்திலும் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள், யாராவது தட்டிவிட்டாலும் திரும்ப அதே இடத்தில் வைக்கலாம். பியூட்டி, ஃபில்டர், காட்சியைப் பார்த்துத் தானாக நிறத்தைக் கூட்டும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஐபோன்காரர்கள் கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றிக்கொண்டால் படம் ஜேபெக்காகவே சேரும், சில தளங்கள் ஐபோனின் வழக்கமான வடிவத்தை ஏற்காது.

இப்போது நிறம். ‘சிஸ், கலர் சேம்தானே?’ என்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் வரும் கேள்வி. போன் என்ன செய்கிறதென்றால், எதிரில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து ஒவ்வொரு படத்துக்கும் நிறத்தையும் வெளிச்சத்தையும் தானாகத் திருத்துகிறது. திரை முழுக்க மஞ்சள் சேலை என்றால் மஞ்சளைக் குறைத்துவிடும், அடுத்த நீலச் சேலைக்கு வேறு மாதிரி திருத்தும், பின்னால் உள்ள ஒரே சுவர் பத்துப் படத்தில் பத்து நிறத்தில் வரும். புரோ மோட் இருந்தால் இந்த நிறத் திருத்தத்துக்கான ஒயிட் பேலன்ஸை ஒரு எண்ணில் நிறுத்திவிடுங்கள், பகல் வெளிச்சத்துக்கு 5500 கெல்வின் வாக்கில் வைத்து ஆரம்பிக்கலாம். அது இல்லாத போனில் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். இரண்டிலும் சரி, ஒவ்வொரு செட்டிலும் (ஒரே அமைப்பில் தொடர்ந்து எடுக்கும் படங்கள்) முதல் படத்தில் சேலைமேல் ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் நிறம் திருத்த அதுதான் அளவுகோல். போட்டோக் கடைகளில் கிரே கார்டு என்று கேட்டால் தருவார்கள். கிடைக்காவிட்டால் வெள்ளைத் தாள் பரவாயில்லை, ஆனால் ஏ4 தாளில் வெண்மைக்காகச் சேர்க்கும் சரக்கு லேசாக நீலம் காட்டும்.

சில நிறங்கள் படத்தில் பிடிவாதமாக மாறும். குங்குமச் சிவப்பும் ராணி பிங்க்கும் சீக்கிரம் நிரம்பி வழிந்து, நெசவே தெரியாத ஒரே சிவப்புத் திட்டாகிவிடும், அவற்றுக்கு வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுங்கள். வாடாமல்லி நீலமாகப் போகும். கறுப்புச் சேலையைப் போன் சாம்பலாக்கப் பார்க்கும், அதற்கும் குறைக்க வேண்டும். தந்த நிறத்துக்கு நேர்மாறு, கொஞ்சம் கூட்ட வேண்டும். மயில்கழுத்து மாதிரி பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த சேலையை ஒரு படத்தில் காட்டவே முடியாது. இரண்டு கோணத்தில் இரண்டு படம், கூடவே முந்தியைக் கையால் மெல்ல அசைக்கும் ஐந்து வினாடி வீடியோ, அவ்வளவுதான் வழி. ஜரிகை வெள்ளையாக வெடித்தால் ஜன்னலைத் தொடாதீர்கள், சேலையைக் கொஞ்சமாகத் திருப்புங்கள். தங்க நிறம் திரும்ப வரும் ஒரு கோணம் இருக்கும்.

எடுக்கும் வரிசை

ஒரு சேலையை எடுத்து ஏழு படமும் முடித்து அடுத்ததற்குப் போனால் ஏழு தடவை ஸ்டாண்ட் நகரும், பத்துச் சேலைக்கு எழுபது தடவை. அதனால் மடித்த படம் பத்துச் சேலைக்கும் முதலில், அப்புறம் தொங்கவிட்டது பத்துக்கும், தொங்கும்போதே முந்தியும் கரையும் பின்பக்கமும். அலங்காரமும் உடுத்தியதும் கடைசியில், ஏனென்றால் அதற்கு அப்புறம் சேலை கசங்கியிருக்கும். வெளிர் நிறங்களை முதலில் எடுங்கள். கறுப்பிலிருந்தும் அரக்கிலிருந்தும் உதிரும் நூல்தூசி தந்த நிறச் சேலையில் ஒட்டினால் உட்கார்ந்து பொறுக்க வேண்டும். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் மதியத்துக்குள் முடியும், மேகம் வந்து வந்து போகிற நாளென்றால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் எடுங்கள். முழுக்க மூடிய வானம் பிரச்சினையே இல்லை.

திருத்துவது

ஸ்னாப்சீட் இலவசம், லைட்ரூம் மொபைலிலும் தேவையானது இருக்கிறது. செய்ய வேண்டியது மூன்றுதான்: சாம்பல் அட்டைப் படத்தில் அட்டையைத் தொட்டு நிறத்தைச் சரிசெய்வது, வெளிச்சத்தைச் சற்றே கூட்டவோ குறைக்கவோ செய்வது, நேராக வெட்டுவது. அதே திருத்தத்தை நகலெடுத்து அந்தச் செட்டின் எல்லாப் படத்துக்கும் ஒட்டிவிடுங்கள். நிறத்தை அடர்த்தியாக்கும் சாச்சுரேஷன் கோட்டின் பக்கம் கை போக வேண்டாம்.

திருத்தும் முன் போனில் கண்ணுக்கு இதமான மஞ்சள் திரையை அணையுங்கள். சாம்சங் போன்ற போன்களில் திரை விவிட் என்று இருந்தால் எல்லாமே கூடுதலாகத் தெரியும், நேச்சுரலுக்கு மாற்றுங்கள். முடிந்ததும் சேலையை ஜன்னலோரம் கையில் வைத்துக்கொண்டு திரையோடு ஒப்பிடுங்கள், அப்புறம் அதே படத்தை வீட்டிலுள்ள இன்னொரு சாதாரண போனிலும் பாருங்கள். வாடிக்கையாளர் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் போனில்தான்.

பின்னணியை அழிக்கும் ஏஐ வசதி குஞ்சத்தைச் சேர்த்தே வெட்டிவிடும், ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சேலைப் படத்தைக் கொடுத்தால் மாடல் உடுத்தியதுபோல் செய்து தரும் ஆப்களும் வந்துவிட்டன. பார்க்க அசத்தலாக இருக்கும், ஆனால் கட்டத்தின் அளவு மாறும், கரை அகலம் மாறும், முந்தியில் இல்லாத பூ முளைக்கும். விளம்பரத்தில் காட்டியதும் அனுப்பியதும் வேறாக இருந்தால் பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன, ‘நோ ரிட்டர்ன்’ என்று பயோவில் எழுதி வைத்துவிட்டோம் என்பதெல்லாம் அங்கே நிற்காது. அதனால் விற்பனைப் பக்கத்தில் நிஜப் படம் மட்டும்.

ஏற்றுவது

ஒரிஜினலைத் தனிக் கோப்புறையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் தனி நகல் வெட்டுங்கள். அமேசானில் முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளை, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் நிற எண்ணும் 255, பொருள் படத்தில் 85 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும், எழுத்து, லோகோ, வாட்டர்மார்க் கூடாது, பெரிதாக்கிப் பார்க்க நீளப் பக்கம் 1000 பிக்சலுக்குக் குறையாமல் வேண்டும். அழகுப் படமெல்லாம் அங்கே இரண்டாவதிலிருந்துதான். ஷாப்பிஃபையில் சொந்தக் கடை என்றால் 2048க்கு 2048 சதுரம் வசதி. இன்ஸ்டாகிராமுக்கு 1080க்கு 1350 நன்றாக இருக்கும். 2025 ஜனவரியிலிருந்து புரொஃபைல் கட்டங்கள் சதுரத்திலிருந்து உயரமாக மாறியிருப்பதால் அங்கே இரண்டு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்படும், கரை ஓரத்தில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் நசுங்கிவிடும், எச்டி என்று தேர்ந்தெடுங்கள், கேட்டு வருகிறவர்களுக்கு டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

வாட்டர்மார்க் பற்றி: திருடுகிறவர்கள் எப்படியும் வெட்டி எடுப்பார்கள், வாங்குகிறவர்தான் முந்திமேல் குறுக்கே ஓடும் உங்கள் கடைப் பெயரைத் தாண்டிச் சேலையைத் தேட வேண்டியிருக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் ஓரத்தில் சின்னதாக.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கண்டாங்கி-07-முந்தி என்கிற மாதிரி வைத்தால், ராத்திரி பதினொரு மணிக்கு ‘அந்த ஏழாவது சேலை முந்தி ஒரு தடவை காட்டுங்க’ என்று செய்தி வரும்போது கேலரியைக் கிளற வேண்டாம். படத்துக்குக் கீழே நிறத்தையும் நம் ஆட்கள் சொல்லும் பெயரில் எழுதுங்கள்: அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, எம்எஸ் ப்ளூ. வெறுமனே ‘ப்ளூ’ என்றால் எந்த ப்ளூ என்று அடுத்த கேள்வி வரும்.

எல்லாம் முடிந்து சாமான்களைக் கலைக்கும் முன் பின்னால் தள்ளி நின்று அந்த அறையையே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: ஜன்னல், வேட்டி, தெர்மாகோல், கழி, ஸ்டாண்ட், தரையில் டேப் எல்லாம் தெரிகிற மாதிரி. ஒயிட் பேலன்ஸ் எண்ணையும், எடுத்த மாதத்தையும் நேரத்தையும் அந்த நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் இதே ரகத்தில் இன்னும் நான்கு சேலை வந்தால், அவற்றையும் இந்தப் பத்தோடு வித்தியாசம் தெரியாமல் சேர்த்துவிடலாம்.